குவேக்கர் குடும்ப ஆவணங்களின் மொழி: மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சில வரலாற்றுச் சிக்கல்கள்

1. முன்னுரை

தனி மனிதர்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் வணிகக் கணக்கேடுகளும் வரலாற்றுக்கு மூலச் சான்றுகளாகும் என்பதை அனைவரும் அறிவர். அவை மொழி வரலாற்றுக்கும் முதன்மைச் சான்றுகளாக அமையும் என்பது அத்துணை வலியுறுத்தப்படுவதில்லை. ஒரு சமூகம் தன் கொள்கையின் பொருட்டுத் தன் பேச்சையே மாற்றி அமைத்துக்கொண்டிருக்குமாயின், அச்சமூகத்தின் குடும்ப ஆவணங்களில் மொழியையும் வரலாற்றையும் பிரித்துக் காண இயலாது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் சமூகம் இத்தகையதாகும்.

நண்பர்கள் சமயச் சங்கம் என்பது இச்சமூகத்தின் முறையான பெயர். ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624-1691) இதன் தோற்றத்துக்குக் காரணமானவர். குவேக்கர்கள் எண்ணிக்கையில் சிறிய கூட்டத்தினர். ஆயினும் இரும்பு உருக்கு, வங்கி, தேயிலை, சாக்லேட் ஆகிய தொழில்களில் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அவர்கள் முன்னணியில் நின்றனர். தமக்குள்ளேயே மணவுறவு கொண்டமையால், ஒரு குடும்பத்தின் ஆவணங்கள் மற்றொரு குடும்பத்தின் ஆவணங்களின்றி முழுமை பெறுவதில்லை.

இக்கட்டுரை இரு குடும்பத் தொகுதிகளை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, ஷ்ரோப்ஷயர் மாவட்டத்துக் கோல்புரூக்டேலில் இரும்பாலை நடத்திய டார்பி, ரெனால்ட்ஸ் குடும்பங்களும் அவர்களோடு மணவழியில் இணைந்த லிவர்பூல் ராத்போன் குடும்பமும். மற்றொன்று, நார்விச் நகரின் கர்னி குடும்பமும் அதனோடு இணைந்த ஃப்ரை, பக்ஸ்டன், ஹோர் முதலிய குடும்பங்களும். இவ்வாவணங்களைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் முன்னிலைப் பெயர், நாளும் மாதமும், உறவுமுறைச் சொல், கலைச்சொல் ஆகிய நான்கு இடங்களில் இடர்ப்படுவர். அவ்விடர்கள் நடையழகைச் சார்ந்தவை மட்டுமல்ல. தவறாகத் தீர்க்கப்பட்டால் வரலாற்றுச் சான்றையே அழித்துவிடக் கூடியவை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆவணங்களின் இயல்பு

குவேக்கர்கள் பதிவு செய்வதைக் கடமையாகக் கொண்டவர்கள். பிறப்பு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைத் தம் கூட்டங்களின் ஏடுகளில் பதிந்து வந்தனர். திருமணச் சான்றிதழில் அங்குக் கூடியிருந்தோர் அனைவரும் சாட்சிகளாகக் கையொப்பமிடுவது அவர்தம் வழக்கம். எனவே ஒரே தாளில் ஓர் ஊரின் குவேக்கர் உறவுவலை முழுவதையும் காணலாம். 1753ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் விலக்களித்தமையால் இவ்வழக்கம் இடையறாது தொடர்ந்தது.

டார்பி குடும்பத்தின் ஆவணங்கள் பல இடங்களில் உள்ளன. அபையா டார்பியின் நாட்குறிப்பு இலண்டனில் நண்பர்கள் சங்க நூலகத்தில் இருக்கிறது. ஆலையின் கணக்கேடுகளும் கடிதங்களும் ஷ்ரோப்ஷயரில் பேணப்படுகின்றன. ராத்போன் குடும்பத்தாரின் தாள்கள் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் உள்ளன. கர்னி குடும்பத்தின் கடிதங்களும் எலிசபெத் ஃப்ரையின் நாட்குறிப்புகளும் நண்பர்கள் சங்க நூலகத்திலும் நார்ஃபோக் ஆவணக் காப்பகத்திலும் காணக் கிடைக்கின்றன. இவற்றுள் குடும்பத்தாள் எது, தொழில்தாள் எது எனக் கோடு கிழிப்பது கடினம். ஆலையின் கூட்டாளி மைத்துனராகவும் இருப்பார். கணக்கர் மருமகனாகவும் இருப்பார். கோல்புரூக்டேலின் கணக்கராயிருந்து பின் கூட்டாளியான ரிச்சர்டு ஃபோர்டு, முதலாம் ஆபிரகாம் டார்பியின் மகள் மேரியை மணந்தவர். அவர் 1730களில் பிரிஸ்டல் நகரத்துக் கூட்டாளி தாமஸ் கோல்ட்னிக்கு எழுதிய கடிதங்களின் படியேடு எஞ்சியுள்ளது. இரும்பின் விலையையும் உலையின் நிலையையும் கூறும் அவ்வேடு, ஒரே சமயக் கூட்டத்தைச் சேர்ந்த இருவரின் உரையாடலுமாகும்.

குடும்ப நினைவும் தொழிற்கணக்கும் எங்ஙனம் வேறுபடும் என்பதற்கு ஒரு சான்று காட்டலாம். முதலாம் ஆபிரகாம் டார்பி கற்கரியைக் கொண்டு இரும்பை உருக்கியமை தொழில் வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்று. இதனை விவரிக்கும் புகழ்பெற்ற கடிதத்தை எழுதியவர் அபையா டார்பி (1716-1794). இவர் இரண்டாம் ஆபிரகாமின் மனைவி. முதலாம் ஆபிரகாம் 1717இல் இறந்தார். அபையா அக்குடும்பத்தில் மருமகளாகப் புகுந்ததோ 1740களில். அதாவது தாம் ஒருநாளும் கண்டிராத மாமனாரைப் பற்றி, அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேலான பின்னர் எழுதினார். முதலில் விறகுக்கரியால் உலையை ஊதி வார்ப்புச் செய்தார் என்றும், சிறிது காலம் கழித்தே நிலக்கரியைப் பயன்படுத்த எண்ணினார் என்றும், பச்சை நிலக்கரி பயன்படாது போகவே, மால்ட் உலர்த்துவோர் செய்வது போல அதனைச் சுட்டுப் பயன்படுத்தி வெற்றி கண்டார் என்றும் அக்கடிதம் கூறுகிறது. ஆனால் ஆலையின் கணக்கேடு 1709ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே நிலக்கரியைச் சுட்டதற்கான செலவைப் பதிந்துள்ளது. ‘சிறிது காலம் கழித்து’ என்ற குடும்ப நினைவைக் கணக்கேட்டின் வரி திருத்துகிறது.

இங்கு மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கணக்கேட்டில் அச்செயலைக் குறிக்க வரும் வினை, விறகைக் கரியாக்கும் தொழிலுக்குரிய பழைய ‘சார்க்’ என்னும் சொல். அபையாவின் கடிதத்திலோ ‘கோக்’ என்பது வினையாக வருகிறது. அதன் விளைபொருளுக்கு ‘சிண்டர்’ என்பது பெயராக வருகிறது. இரண்டிடத்தும் ‘கற்கரி’ என்ற இன்றைய கலைச்சொல்லை இட்டு நிரப்பினால், ஒரு தொழில்நுட்பம் தனக்கெனப் பெயர் பெறாதிருந்த நிலையும் பிற தொழிலின் சொல்லை இரவல் வாங்கிய நிலையும் மறைந்துவிடும். முன்னதை ‘நிலக்கரியைக் கரிசுடுதல்’ என்றும், பின்னதை ‘நிலக்கரியைச் சுட்டுக் கங்காக்குதல்’ என்றும் பெயர்ப்பதே பொருந்தும்.

3. முன்னிலைப் பெயர்

3.1 ‘தௌ’, ‘தீ’ வழக்கின் பின்னணி

ஆங்கிலத்தின் முன்னிலை ஒருமைப் பெயர் ‘தௌ’. அதன் வேற்றுமை வடிவம் ‘தீ’. ‘யூ’ என்பது பன்மைக்குரியது. இடைக்காலத்திலிருந்து மேலோரைச் சுட்டப் பன்மை வடிவம் வழங்கத் தொடங்கிற்று. பதினேழாம் நூற்றாண்டில், மேலோரை ‘யூ’ என்றும் கீழோரையும் நெருங்கியோரையும் ‘தௌ’ என்றும் அழைப்பது மரபாயிருந்தது. குவேக்கர்கள் இம்மரபை ஏற்க மறுத்தனர். ஒருவரை ஒருமையிலேயே சுட்ட வேண்டும்; ஒருவரைப் பலராகச் சுட்டுவது பொய்; மனிதருக்குள் உயர்வு தாழ்வு கற்பிப்பது இறைநெறிக்கு மாறு என்பது அவர்தம் வாதம். நீதிபதியையும் நிலக்கிழாரையும் ‘தௌ’ என்று அழைத்தமைக்காக அடியும் வசையும் பெற்றவர் பலர்.

இவ்வாதத்தை நிறுவ அவர்கள் இலக்கணத்தையே துணைக்கு அழைத்தனர். ஜார்ஜ் ஃபாக்ஸ், ஜான் ஸ்டப்ஸ், பெஞ்சமின் ஃபர்லி ஆகிய மூவரின் பெயரில் 1660இல் வெளிவந்த நூலொன்று, இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலாகப் பல மொழிகளில் முன்னிலை ஒருமையும் பன்மையும் வேறுபட்டு நிற்பதை எடுத்துக்காட்டியது. சிறார் எழுத்துக் கற்கும் பலகையின் வடிவை அதன் பக்கங்களில் வரைந்து, அறிஞர்களே இன்னும் அரிச்சுவடி கற்க வேண்டியவர்கள் எனக் குறிப்பாற் சுட்டிற்று. சமயப் பூசலின் நடுவே எழுந்த இந்நூல், பல மொழிகளின் ஒரே இலக்கணக் கூற்றை ஒப்பிட்ட முயற்சி என்ற வகையில் மொழியியலாரின் கவனத்துக்குரியது. பின்னாளில் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் ஆகியோர் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அதிகாரமும் தோழமையும் முன்னிலைப் பெயர்களில் வெளிப்படுமாற்றை ஆராயுமிடத்துக் குவேக்கர் வழக்கையும் எடுத்துக்கொண்டது.

3.2 தொல்காப்பியரின் கருத்து

இவ்விடத்தில் தமிழ் இலக்கண மரபை நினையாதிருக்க இயலாது. ஒருவரைப் பன்மையாற் கூறுவதும் ஒன்றனைப் பன்மையாற் கூறுவதும் வழக்கினால் அமைந்த உயர்சொல்லேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் கூறுகிறது. ஃபாக்ஸின் வாதமும் இதுவே போன்றது. ஆயின் இருவரும் அடைந்த முடிவு வேறு. தொல்காப்பியர் அதனை இலக்கண நெறியன்று எனக் கண்டும் வழக்கு என ஏற்று இடங்கொடுத்தார். ஃபாக்ஸோ வழக்கை இலக்கணத்தின் பெயரால் மறுத்தார். இலக்கணம், வழக்கு என்னும் இரண்டனுள் எது அறத்தின் பக்கம் நிற்கிறது என்னும் வினாவுக்கு இரு மரபுகள் தந்த இரு விடைகள் இவை.

தமிழின் பிற்கால வரலாறும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. ‘நீயிர்’, ‘நீர்’ எனப் பன்மையாயிருந்த வடிவம் மரியாதை ஒருமையாயிற்று. பின்னர் அதன் மேலும் ‘கள்’ விகுதி சேர்ந்த ‘நீங்கள்’ பன்மைக்கு வந்து, அதுவும் மரியாதை ஒருமையாயிற்று. ஆங்கிலத்தில் ஒருமுறை நிகழ்ந்த மாற்றம் தமிழில் இருமுறை நிகழ்ந்துள்ளது.

3.3 எதனால் பெயர்ப்பது?

குவேக்கர் கடிதத்தில் வரும் ‘தீ’ என்பதைத் தமிழில் எதனால் பெயர்ப்பது? மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி ‘நீங்கள்’. இக்கட்டுரையாளரின் முதல் வரைவில், மனைவி கணவருக்கு எழுதிய கடிதத்தைப் பெயர்க்கையில் கை தானாகவே ‘நீங்கள்’ என்று எழுதிற்று. தமிழ்க் குடும்ப வழக்கு அவ்வளவு ஆழமானது. ஆனால் இவ்வாறு பெயர்த்தபோது அக்கடிதத்தை எழுதியவர் குவேக்கர் என்பதற்கான அடையாளமே எஞ்சவில்லை.

இரண்டாம் வழி ‘நீர்’. தமிழ் விவிலிய நடையில் பழகிய காதுக்கு இது சமயச் சாயலோடு ஒலிக்கும். மரியாதைக் குறைவும் தோன்றாது. ஆகவே மொழிபெயர்ப்பாளர்கள் இதனையே நாடுவர். ஆனால் பன்மை ஒருமையான வரலாறே ‘நீர்’ என்பதன் வரலாறு. குவேக்கர்கள் எதனை மறுத்தனரோ அதனையே அவர்கள் வாயில் இடுவதாக முடியும்.

மூன்றாம் வழி ‘நீ’. இலக்கணப்படி இதுவே நேரானது. இடையூறு என்னவெனில், இன்றைய தமிழில் ‘நீ’ என்பது நெருக்கத்தையும் காட்டும், இழிவையும் காட்டும். கணக்கர் ஒருவர் முதலீட்டாளரை ‘நீ’ என அழைப்பது தமிழ் வாசகருக்கு வசையாகத் தோன்றும். கோல்புரூக்டேல் கடிதப் படியேட்டைப் படித்த கோல்ட்னிக்கோ அது வசையன்று. தம் கூட்டத்தாரின் இயல்பான பேச்சு.

இச்சிக்கலைக் காலமும் இடமும் நோக்கித் தீர்க்க வேண்டும். 1650களில் ஒரு குவேக்கர் நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில் ‘நீ’ தரும் அதிர்ச்சி சரியான அதிர்ச்சியே. அக்கால நீதிபதியும் அவ்வாறே அதிர்ந்தார். 1730களின் வணிகக் கடிதத்தில் அதிர்ச்சி தேவையில்லை; ஆயினும் ‘நீ’ தேவை. இவ்விடத்து நூலின் முன்னுரையில் வழக்கை ஒருமுறை விளக்கிவிட்டு, பின்னர் மாறாது ‘நீ’ எனவே எழுதுவது நன்று. சில பக்கங்களுக்குள் வாசகர் அதற்குப் பழகிவிடுவர். அப்பழக்கமே அச்சமூகத்துக்குள் நுழையும் வாயிலுமாகும்.

ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். குவேக்கரின் நோக்கம் அவமதிப்பன்று, சமன்மை. படர்க்கையில் ஆங்கிலம் ‘ஹீ’ என ஒரே வடிவத்தைத் தருகிறது. தமிழ் ‘அவன்’, ‘அவர்’ என இரண்டனுள் ஒன்றைத் தேர வற்புறுத்துகிறது. ஆலை முதலாளியை ‘அவர்’ என்றும் உலைத் தொழிலாளியை ‘அவன்’ என்றும் எழுதுவது, மூலத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வை நாமே புகுத்துவதாகும். முன்னிலையில் எவர்க்கும் ‘நீ’ எனவும் படர்க்கையில் எவர்க்கும் ‘அவர்’ எனவும் கொள்வதே மூலத்தின் நெறிக்கு உகந்தது.

3.4 ஒரு மாற்றத்தின் சான்று

முன்னிலைப் பெயரை வேறுபாடின்றிப் பெயர்ப்பதால் வரும் இழப்புக்குக் கர்னி குடும்பம் சிறந்த எடுத்துக்காட்டாகும். நார்விச் அருகே ஏர்லம் இல்லத்தில் வாழ்ந்த ஜான் கர்னியின் மக்கள் குவேக்கராகப் பிறந்தும் உலக வழக்கைப் பெரிதும் மேற்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான எலிசபெத் (1780-1845) ஊதா நிறக் காலணியும் செந்நிற நாடாவும் அணிந்து வழிபாட்டுக் கூட்டத்துக்குச் சென்றவர். 1798 பிப்ரவரியில் அமெரிக்கக் குவேக்கர் வில்லியம் சேவரியின் உரை அவரை மாற்றிற்று. அவ்வாண்டிலேயே கோல்புரூக்டேலுக்குச் சென்ற அவர், டெபரா டார்பியின் சொற்களால் மேலும் உறுதி பெற்றார். கர்னி, டார்பி ஆவணத் தொகுதிகள் சந்திக்கும் இடம் இதுவாகும்.

அதன் பின்னர் அவர் எளிய உடையையும் எளிய பேச்சையும் படிப்படியாக மேற்கொண்டார். பழகிய மனிதரிடம் திடீரெனத் ‘தீ’ என்று பேசுவதில் தாம் உணர்ந்த கூச்சத்தை நாட்குறிப்பில் பதிந்துள்ளார். ஆடை மாற்றம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பேச்சு மாற்றமோ ஒவ்வொரு வாக்கியத்திலும் மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டிய முடிவு. ஒருவரின் கடிதங்களில் ‘யூ’ மறைந்து ‘தீ’ தோன்றும் இடம் அவர் வாழ்க்கை திரும்பிய இடமாக இருக்கக்கூடும். இரண்டனையும் ‘நீங்கள்’ எனப் பெயர்த்தால், வரலாற்றாசிரியர் தேடும் சான்றைத் துடைத்துவிட்டுத் தூய தாளை அவர் கையில் கொடுத்தவராவோம்.

தமிழால் காட்ட முடியாத ஒன்றும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து குவேக்கர் பேச்சில் எழுவாயிடத்தும் ‘தீ’ என்னும் வேற்றுமை வடிவமே வரத் தொடங்கிற்று. வினையோ படர்க்கைக்குரிய முடிபை ஏற்றது. இலக்கணத்தின் பெயரால் தொடங்கிய ஒரு வழக்கு இலக்கணம் வழுவி நிலைபெற்றது மொழி வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. தமிழில் ‘நீ’ என்ற எழுவாய்க்கு ‘ஆய்’ விகுதி தப்பாது வரும். வழுவை வழுவாகப் பெயர்க்க முற்பட்டால், எழுதியவர் கல்லாதவர் என்ற தவறான எண்ணமே தோன்றும். இவ்விழப்பை ஏற்றுக்கொண்டு முன்னுரையில் குறிப்பதே முறை.

4. நாளும் மாதமும்

ஆங்கிலக் கிழமைப் பெயர்களும் மாதப் பெயர்கள் பலவும் பிற தெய்வங்களின் பெயரால் அமைந்தவை என்பதால் குவேக்கர்கள் அவற்றை நீக்கினர். ஞாயிறு ‘முதல் நாள்’ ஆயிற்று. புதன் ‘நான்காம் நாள்’ ஆயிற்று. மாதங்களும் எண்களால் குறிக்கப்பட்டன. ‘நான்காம் நாள்’ என்பதைப் ‘புதன்கிழமை’ எனப் பெயர்ப்பது வாசகருக்கு எளிது. ஆனால் தமிழ்க் கிழமைப் பெயர்களும் கோள்களின் பெயர்களே. அவற்றுக்கும் வழிபாட்டுத் தொடர்புண்டு. எழுதியவர் கொள்கையால் விலக்கியதை நாம் வேறு வாயிலால் உள்ளே கொணர்ந்தவராவோம்.

மாத எண்ணில் இடர் இன்னும் பெரிது. இங்கிலாந்தில் 1751 வரை ஆண்டு மார்ச் 25இல் தொடங்கிற்று. ஆகவே குவேக்கரின் முதல் மாதம் மார்ச். மூன்றாம் மாதம் மே. பதினோராம் மாதம் ஜனவரி. 1752 முதல் ஆண்டுத் தொடக்கம் ஜனவரி 1 ஆயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் நாளை அடுத்துச் செப்டம்பர் 14ஆம் நாள் வந்தது. அதன்பின் மூன்றாம் மாதம் மார்ச் ஆயிற்று. ஒரே கைப்பட எழுதிய ஒரே நாட்குறிப்பில், 1751க்கு முன் மூன்றாம் மாதம் ஒரு பருவத்தையும் 1752க்குப் பின் மற்றொரு பருவத்தையும் குறிக்கும். மேலும், பழைய கணக்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களும் மார்ச் மாதத்தின் பெரும்பகுதியும் முந்தைய ஆண்டோடு சேர்க்கப்பட்டமையால் இரட்டை ஆண்டுக் குறிப்பும் இடம்பெறும்.

முதலாம் ஆபிரகாம் டார்பியின் இறப்பு 1717இல் நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் நோக்கு நூல்களுள் சில அதனை மார்ச் எனவும் சில மே எனவும் தருகின்றன. இவ்வேறுபாட்டுக்கு எண்ணால் எழுதிய மாதமே காரணம் என்று அறுதியிட்டுக் கூறாவிடினும், ‘மூன்றாம் மாதம்’ என்ற தொடர் பெயர்ப்பவர் கையில் இவ்விரு திங்களாகவும் மாறக்கூடியது என்பதை மறுக்க இயலாது. ஆகவே மூலத்தின் எண் வடிவத்தை அவ்வாறே நிறுத்தி, பகர அடைப்புக்குள் இன்றைய மாதப் பெயரை இடுவதே பாதுகாப்பான முறை. எண்ணை நீக்கிப் பெயரை மட்டும் இட்டால் நம் தவறைப் பின்வருவோர் திருத்த வழியில்லாது போகும்.

5. உறவுமுறைச் சொற்கள்

சங்கத்துக்கு வெளியே மணந்தவரை விலக்கும் விதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடைமுறையிலிருந்தது. எனவே சில குடும்பங்களே தலைமுறைதோறும் தம்முள் கலந்தன. ‘கசின்’, ‘பிரதர்’, ‘நெவ்யூ’ ஆகிய சொற்கள் இக்கடிதங்களில் நிறைந்துள்ளன. அக்கால ஆங்கிலத்தில் ‘பிரதர்’ என்பது உடன்பிறந்தானையும் சுட்டும். மனைவியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் கணவர் ஆகியோரையும் சுட்டும். தமிழோ தாய்வழி, தந்தைவழி, மூப்பு, இளமை ஆகிய அனைத்தையும் தெளிவாக்காமல் ஒரு சொல்லும் எழுதவிடாது.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டாம் ஆபிரகாமின் முதல் மனைவிக்குப் பிறந்த மகள் ஹன்னா, ரிச்சர்டு ரெனால்ட்ஸை (1735-1816) 1757இல் மணந்தார். 1763இல் இரண்டாம் ஆபிரகாம் இறந்தபோது, அவர் மகன் மூன்றாம் ஆபிரகாம் (1750-1789) ஏறத்தாழப் பதின்மூன்று வயதுச் சிறுவர். ஆலையை ரெனால்ட்ஸ் ஏற்று நடத்தினார். பின்னர் 1779இல் செவர்ன் ஆற்றின் குறுக்கே எழுந்த இரும்புப் பாலத்தைக் கட்டியவர் இந்த மூன்றாம் ஆபிரகாமே. ரெனால்ட்ஸ் அவருக்கு ‘பிரதர்’. தமிழில் அக்காள் கணவர். ஹன்னாவின் மகன் வில்லியம் ரெனால்ட்ஸ் (1758-1803) அவருக்கு ‘நெவ்யூ’, தமிழில் மருமகன். அவர் தம்பி சாமுவேலுக்கும் டெபராவுக்கும் பிறந்த எட்மண்டும் அவருக்கு ‘நெவ்யூ’. தமிழிலோ மகன் முறை. ஒரே ஆங்கிலச் சொல் நிற்குமிடத்தில் தமிழ் இரு வேறு உறவுகளைக் காண்கிறது. ஆகவே கடிதத்தைப் பெயர்க்குமுன் குடிவழிப் பட்டியலை வரைந்துகொள்வது இன்றியமையாதது.

இதில் மற்றொரு கண்ணியும் உண்டு. ‘கசின்’ என்பதற்கு ‘அத்தை மகள்’, ‘மாமன் மகன்’ என எழுதினால், தமிழ் வாசகர் மனத்தில் மணமுறை என்ற எண்ணம் உடனே எழும். முதல்நிலைக் கசின்கள் மணப்பதைக் குவேக்கர் ஒழுங்குமுறை ஏற்றுக்கொள்ளவில்லை. உறவு துல்லியமாகத் தெரிந்தவிடத்தும் இக்குறிப்பை முன்னுரையில் தருதல் வேண்டும்.

6. சமூகக் கலைச்சொற்கள்

பொதுச் சொற்கள் சிறப்புப் பொருளில் வழங்குவது இவ்வாவணங்களின் மற்றோர் இயல்பு. ‘மினிஸ்டர்’ என்பவர் இங்கு அமைச்சரும் அல்லர், திருநிலை பெற்ற போதகரும் அல்லர். குவேக்கருக்குத் தனிக் குருமார் இல்லை. அமைதியாகக் கூடியிருக்கும் கூட்டத்தில் உள்ளொளியால் உந்தப்பெற்றுப் பேசுபவரை, அவர் பேச்சின் தகுதி கருதிச் சங்கம் அவ்வாறு அங்கீகரித்தது. பெண்களும் இத்தகுதி பெற்றனர். அபையாவும் டெபராவும் இத்தகையோர். ‘போதகர்’ என எழுதினால் பதினெட்டாம் நூற்றாண்டில் பெண்கள் எத்தகைய இடம் பெற்றிருந்தனர் என்பது குழம்பும். ‘அருளுரையாளர்’ என்னும் சொல்லை இக்கட்டுரையாளர் பரிந்துரைக்கிறார்.

எளிமை நெறி பேணாத குவேக்கரைச் சுட்ட வழங்கிய ‘கே’ என்ற அடைமொழி இன்றைய அகராதியை மட்டும் நம்புவோரை வழிதவறச் செய்யும். அது இங்கு ‘ஒய்யாரமான’, ‘உலகியல் சார்ந்த’ என்னும் பொருளுடையது. ‘ஃபிரண்ட்’ என்பது நட்பைக் குறிப்பதன்று, உறுப்பினர் தகுதியைக் குறிப்பது. வணிகக் கடிதத்தின் தொடக்கத்தில் ‘ஐயா’ என்பதற்கு மாற்றாக இச்சொல்லே வரும். முடிவில் ‘தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்னும் பொருள்படும் வாய்பாட்டுக்கு மாற்றாக ‘உன் நண்பன்’ என வரும். தமிழ்க் கடித மரபுக்கு ஏற்ப இவற்றை ‘ஐயா’, ‘பணிவுள்ள’ எனத் திருத்துவது நாகரிகம் போலத் தோன்றும். உண்மையில் அது கொள்கை மாற்றமாகும்.

ஆணையிட மறுத்தமை இவர்தம் மற்றொரு கொள்கை. எப்போதும் உண்மையே பேசுபவர் நீதிமன்றத்தில் மட்டும் ஆணையிடுவது, மற்ற வேளைகளில் பொய் பேசக்கூடும் என ஒப்புவதாகும் என்பது அவர் வாதம். 1696இல் அவர்களுக்கென உறுதிமொழி முறை சட்டத்தால் ஏற்கப்பட்டது. சத்தியப்பிரமாணம், உறுதிமொழி என்னும் வேறுபாட்டை இந்தியச் சட்ட மொழியும் அறியும். 1969ஆம் ஆண்டின் ஆணைமொழிச் சட்டம் இரண்டிற்கும் இடந்தருகிறது. ஆதலால் இச்சொற்களை ஒன்றற்கொன்று மாற்றாக எழுதுதல் கூடாது.

‘டிஸோன்’ என்னும் வினை மிகுந்த கவனத்துக்குரியது. எலிசபெத்தின் கணவர் ஜோசஃப் ஃப்ரையின் வங்கி 1828இல் முறிந்தது. கடனைத் தீர்க்க இயலாமை குவேக்கர் சமூகத்தில் ஒழுக்கக் குற்றமாகவே கருதப்பட்டது. பிறர் பணத்தைக் காக்கத் தவறியது உண்மை தவறியதற்கு ஒப்பாகும். அவர் உறுப்பினர் நிலையை இழந்தார். சிறைச் சீர்திருத்தத்தால் ஐரோப்பா எங்கும் அறியப்பட்டிருந்த எலிசபெத், கணவர் விலக்கப்பட்ட அதே சங்கத்தில் அருளுரையாளராகத் தொடர்ந்தார். அவர் மறைந்தபின் 1847இல் இரு மகள்கள் தொகுத்து வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பு, நாட்குறிப்பின் பகுதிகளைத் தெரிந்தெடுத்துச் செப்பனிட்டே தந்தது. ‘டிஸோன்’ என்பதைச் ‘சாதிவிலக்கு’ எனப் பெயர்க்கத் தூண்டுதல் எழும், அது தவறு. விலக்கப்பட்டவர் வழிபாட்டுக் கூட்டத்துக்கு வரலாம். குடும்பத்தோடு உண்டு உறையலாம். சங்கத்தின் நிர்வாகத்தில் மட்டும் அவருக்குப் பங்கில்லை. ‘உறுப்பினர் நிலை நீக்கம்’ என்பதே பொருந்தும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகளைப் பெறலாம்.

முதலாவதாக, குவேக்கர் குடும்ப ஆவணங்களில் முன்னிலைப் பெயரும் நாட்குறியீடும் நடைக்கூறுகள் அல்ல, அவை சான்றுகள். அவற்றைத் தமிழ் வழக்குக்கு இசைவாக்குவது சான்றை மாற்றுவதாகும். இரண்டாவதாக, ‘நீ’ என்னும் வடிவத்தைச் சீராக வழங்கி, படர்க்கையில் அனைவரையும் ‘அவர்’ எனச் சுட்டுவது அச்சமூகத்தின் சமன்மை நெறிக்கு ஏற்றது. மூன்றாவதாக, மாத எண்களை நீக்காது பகர அடைப்புக்குள் விளக்க வேண்டும். 1752 என்னும் எல்லையை எப்போதும் கருத்திற்கொள்ள வேண்டும். நான்காவதாக, உறவுப்பெயர்களைப் பெயர்க்குமுன் குடிவழியை வரைந்துகொள்ள வேண்டும். ஐந்தாவதாக, கடிதத்தையும் கணக்கேட்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். ஒன்றன் நினைவுப் பிழையை மற்றொன்று திருத்தும்.

ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கு எனத் தொல்காப்பியர் ஏற்றார். அவ்வழக்கில் வளர்ந்தவர்கள் நாம். ஒருமையாற் கூறுவதே மரியாதை எனக் கொண்டவர்களின் கடிதங்களை நாம் பெயர்க்கும்போது, நம் மரியாதையை அவர்கள் மீது சுமத்தாதிருப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. கணவருக்கு எழுதிய கடிதத்தில் ‘நீங்கள்’ என்று முதலில் எழுதியதை அடித்து ‘நீ’ என்று எழுதியபோது, இக்கட்டுரையாளரின் கை சிறிது தயங்கிற்று. எலிசபெத் உணர்ந்த கூச்சத்தின் ஒரு சிறு கூறாவது அத்தயக்கத்தில் இருந்திருக்கும் எனக் கருதலாம். அத்தயக்கத்தை வாசகரும் உணருமாறு செய்தல் மொழிபெயர்ப்பின் குறையன்று. அதன் பணிகளுள் ஒன்றாகும்.